கிளட்ச் கனமாக இருக்கிறது

ஜூன் 9, ஞாயிறு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் விடியும்போது போய் நிற்க வேண்டும் என்பது ஷாஜகான் பாயின் சட்டம். "ராத்திரி பூரா தூங்கி எந்திரிச்ச இன்ஜின்தான் உண்மை பேசும். சூடாக்கி வெச்சா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்பார். அண்ணன் கல்லூரியில் கோ-கார்ட் என்கிற குட்டிக் கார் பந்தயம் ஓட்டிய காலத்திலிருந்தே அவர்தான் அவனுக்கு மெக்கானிக். இருட்டோடு கோவையை விட்டுக் கிளம்பி, விடியும்போது ஈரோட்டில் இருந்தோம்.

பாய் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சுடுதேங்க."

"தொடைக்கறதுக்காக வெளிய எடுத்தேனுங்க" என்றார் விற்கிறவர்.

"தொடைக்கறதுக்குத் துணி பத்தாதுங்களா, இன்ஜினும் வேணுமா?"

அத்தோடு திரும்பியிருக்கலாம். அண்ணன் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்தான், கதவைச் சாத்தினான், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு இடது காலால் கிளட்ச்சை இரண்டு மூன்று தரம் மிதித்துப் பார்த்து இறங்கினான்.

"கிளட்ச் கனமா இருக்கு பாய். வேண்டாம்."

நான் எதற்குக் கூடப் போனேன் என்று தெரியவில்லை. "புத்தகத்துக்குள்ளயே குடியிருக்கற, ஒரு நாள் வெளிய வா சுமி" என்று கூப்பிட்டான். பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய மெய்ப்பு பாதியில் கிடக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

அம்மா சாப்பாடு போடும்போது கேட்டாள். "தரணி, ரெண்டு பேரு மட்டும் உக்கார்ற காரு எதுக்கு கண்ணு? நாளைக்கு உனக்குக் கலியாணம் ஆயி, கொழந்த குட்டின்னா?"

"ரெண்டு பேருக்கு மேல யாரு வரப்போறாங்க?"

"வீட்டுல ஒண்ணு நிக்குதல்லோ."

"அது கியர் இல்லாத வண்டிம்மா."

அம்மா ரசத்தை ஊற்றினாள். அந்த வண்டியை வாங்கியது அப்பாவுக்காக. அப்பாவின் இடது கால் வலுவிழந்துபோனபோது, கிளட்ச் மிதிக்க வேண்டியில்லாத வண்டியாகப் பார்த்து வாங்கினோம். அதன் பிறகு அவர் அதை ஒரு மழைக்காலம் மட்டும் ஓட்டினார்.

அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. தன் காலால் கிளட்ச் மிதித்து, தன் கையால் கியர் மாற்றி, கோத்தகிரி மலைப்பாதையில் ஏற வேண்டும் என்கிறான். "இப்ப இல்லாம எப்ப?" என்கிறான். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான்.

ஜூன் 16, ஞாயிறு

பாலக்காடு. இந்த முறை பானெட் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் வெள்ளைப் புகை வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாய் என்னைக் கூப்பிட்டு ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். பால் கலந்த காப்பி நிறத்தில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"தண்ணி ஆயிலோட சேர்ந்துருச்சும்மா. நடுவுல இருக்கற கேஸ்கட் போச்சு. ரெண்டும் சேரவே கூடாது. சேர்ந்தா இன்ஜின் உள்ளுக்குள்ளயே வேகும், வெளிய ஒண்ணும் தெரியாது."

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். நாடி பார்ப்பதுபோல இதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நோயாளி எதையும் மறைக்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

அண்ணன் வெள்ளைப் புகையைப் பற்றிப் பேசவேயில்லை. "கிளட்ச்சும் கனமா இருக்கு" என்றான்.

பாய் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே தம்பி. வெண்ணெய் மாதிரி போகுது."

"உங்களுக்கு லாரி மிதிச்ச காலு பாய்."

அவர்கள் இருவரும் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலால் அழுத்திப் பார்த்தேன்.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் டீ குடிக்கப் போனேன்.

ஜூன் 20, வியாழன்

மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கதை மறந்துபோகும், திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம் மட்டும் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியருக்கே தெரியாமல் அவர் அதை எழுதியிருப்பார். ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு அனுப்பிவிடுவேன். அவர் பார்த்துக்கொள்வார்.

மாலையில் அண்ணன் அலுவலகத்திலிருந்து வந்தான். மாடிப்படி ஏறும்போது இடது கால் செருப்பு நழுவிக் கீழ்ப்படியில் விழுந்தது. அவனுக்குத் தெரியவில்லை. ஒரு செருப்போடு அறைக்குள் போனான். நான் எடுத்து வந்து அறை வாசலில் வைத்தேன்.

அப்பாவுக்குக் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நழுவியது. புதுச் செருப்பு பெரிதாக இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றி வந்தார். மாற்றியதும் நழுவியது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகிற நோய் என்று சொல்ல மருத்துவர்களுக்கு ஓராண்டு பிடித்தது. நோய் தன் வேலையை முடிக்க இன்னும் இரண்டாண்டு. கடைசியில் கண் இமை மட்டும் அவர் சொன்னபடி கேட்டது.

சிலருக்கு அது குடும்பத்தில் வரும், சிலருக்கு இல்லை என்றார்கள். நாங்கள் மூவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

குளியலறையில், அப்பாவை மருத்துவர் நடக்கச் சொன்னதுபோல, குதிகாலை மட்டும் ஊன்றி, விரல்களைத் தூக்கி நடந்து பார்த்தேன். சுவர் வரை. திரும்பி வாசல் வரை.

ஜூன் 30, ஞாயிறு

ஓசூர். கண்ணைப் பறிக்கிற சிவப்பு வண்டி. பாய் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடம்பெல்லாம் தடவிக்கொண்டே போனார். வலது பக்கம் ஒட்டியது, இடது பக்கம் சில இடங்களில் ஒட்டாமல் வழுக்கியது. "தகரத்துக்குப் பதிலா பட்டி பூசியிருக்காங்க. எங்கயோ போயி மோதி, சேஸை இழுத்து நேராக்கியிருக்காங்க." முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. ஒருமுறை முறுக்கிக்கொண்ட சட்டகம் என்னதான் நேராக்கினாலும் ஓடும்போது ஒரு பக்கமாகவே இழுக்குமாம்.

திரும்பும் வழியில் அண்ணன் தூங்கிப்போனான். பாய் ஓட்டினார்.

"தம்பிக்கு எந்த வண்டியும் பிடிக்கலயே. வண்டி பார்க்கறாரா, பொண்ணு பார்க்கறாரா?" என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் அது.

ஜூலை 7, ஞாயிறு

பொள்ளாச்சி. வண்டி கிடைத்துவிட்டது.

தேங்காய் மண்டிக்காரர் ஒருவருடைய மகனுடையது. மகன் வெளிநாட்டில் தங்கிவிட்டான். அடர் பச்சை, ஜப்பான் தயாரிப்பு, இரண்டே கதவு. குளிர்ந்த இன்ஜின் முதல் திருப்பிலேயே எழுந்தது. புகை இல்லை. பாய் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரை வைத்து அழுத்தம் பார்த்தார். நான்கும் ஒன்றுபோலக் காட்டின. அடியில் படுத்துப் பார்த்தார். பிரேக் டிஸ்க்கை விரலால் தடவினார். எழுந்து, "குத்தம் சொல்லோணும்னா ரேடியோதான் பாடல" என்றார்.

அண்ணன் மட்டும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனான். நெடுநேரம் வரவில்லை. மண்டிக்காரர் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார். "தம்பி நல்லா ஓட்டுவாருங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் அவரு கிளட்ச்சுக்கே தெரியாம கியர் போடுவாப்ல" என்றார் பாய்.

வந்து இறங்கியபோது அண்ணனுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எப்படித் தம்பி?"

"எடுத்துக்கலாம் பாய்."

கிளட்ச்சைப் பற்றி அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வண்டி வீட்டுக்கு வந்தது. வந்த கையோடு புது கிளட்ச் பிளேட் போடச் சொல்லிவிட்டான் அண்ணன். "பழசு நல்லாத்தான் இருக்குது, எதுக்கு வெட்டியா" என்று பாய் முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அம்மா சூடம் சுற்றி, எல்லோருக்கும் திருநீறு பூசினாள். குனிந்து சக்கரத்துக்கும் பூசினாள். நிமிரும்போது அவள் பார்வை ஒரு கணம் அண்ணனின் காலடியில் நின்றது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் சிறுவாணிச் சாலையில் என்னைக் கூட்டிப்போனான். சாலை காலியாக இருந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்து போவதால் அறுபதே நூறுபோல இருக்கிறது. மேற்கே மலை முழுக்க மேகம். பாடினான். பத்து வருடங்களுக்குப் பிறகு அவன் பாடிக் கேட்கிறேன், சுருதி அப்படியே தவறுகிறது.

திரும்பும்போது ஏதோ தீய்ந்த நாற்றம், காகிதமும் முடியும் சேர்ந்து கருகுவதுபோல. ஜன்னலை இறக்கினேன்.

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றான்.

கிளட்ச் பிளேட் புதுசு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி

மேட்டில் வண்டி ஏறவில்லை. இன்ஜின் மட்டும் அலறியது, சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. உக்கடத்தில் பாயின் பட்டறைக்கு இழுத்துப் போய் விட்டு வந்தோம்.

மாலையில் நாங்கள் திரும்பப் போகும்போது பாய் கியர்பாக்ஸை இறக்கி வைத்திருந்தார். கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். கருகிப்போன தோசை மாதிரி இருந்தது. அது உரசுகிற இரும்புத் தட்டில் நீலம் பாரித்த திட்டுகள்.

"வருசக்கணக்கா வர வேண்டிய பிளேட்டு, ஒரு மாசம் தாங்கல. இது பிளேட்டு குத்தமில்ல தம்பி. யாரோ கிளட்ச்சு மேல வெச்ச காலை எடுக்கவே இல்ல. காலு பாரம் அதும்மேலயே இருந்திருக்குது. முழுசா ஒட்டவும் விடல, பிரியவும் விடல. உரசி உரசியே எரிஞ்சிருச்சு. புதுசா ஓட்டிப் பழகறவங்க பண்ற வேலை." அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "யாருக்குங்க வண்டியக் குடுத்தீங்க?"

அண்ணன் பலகையில் கிடந்த ஸ்பானரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"நான்தான் பாய்" என்றேன்.

"நெனச்சேன். ஏம்மா, கிளட்ச்சு என்ன, காலு வெச்சுக்கற மணையா? மிதிச்சா, எடுத்தரோணும். எடுக்க முடியலன்னா பஸ்ல போயிரோணும்."

பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே போனான்.

ஆட்டோவில் வரும்போது அவன்தான் பேச ஆரம்பித்தான்.

"நீ எதுக்கு அதச் சொன்ன?"

"அவரு சிரிச்சாரு. அதான்."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"சரி."

சுங்கம் சிக்னலில் நின்றோம். பக்கத்துப் பேருந்திலிருந்து யாரோ ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது. அண்ணன் பதிலுக்குக் கையாட்டினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"என்னது, பிளேட்டா?"

"ம். பிளேட்டுதான்."

"பாலக்காட்டுல" என்றேன்.

வீடு வரும்வரை அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அண்ணன் அறையைவிட்டு வரவில்லை. மெய்ப்பு முடித்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் வாசலில் ஒரு புது ஜோடிச் செருப்பு இருந்தது. குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது, இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். அண்ணனின் அளவு. அம்மா ஒப்பணக்கார வீதிக்குத் தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறாள்.

அதே மாதிரிதான் அப்பாவுக்கும் வாங்கினாள். நிறம்கூட மாறவில்லை.

அண்ணன் அதை நெடுநேரம் பார்த்தான். படியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டான். இடது வாரை மாட்ட நேரமானது. அம்மா சமையலறையில் மிக்ஸியைப் போட்டாள். அதில் எதுவும் அரைபடுகிற சத்தம் வரவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

இரண்டாவது புது பிளேட்டோடு வண்டி வந்தது. அண்ணன் சாவியை என் கையில் வைத்தான்.

"நீ ஓட்டு."

லைசென்ஸ் வாங்கியதோடு சரி, கியர் வண்டியைத் தொட்டு வெகுநாளாகிறது. பேரூர் தாண்டும்வரை இரண்டு முறை இன்ஜினை அணைத்துவிட்டேன். அவன் திட்டவில்லை. அவன் திட்டாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

தென்னந்தோப்பு ஒன்றின் ஓரமாக நிறுத்தச் சொன்னான்.

"இப்பச் சும்மா கிளட்ச்ச மிதி. மிதிச்சு விடு."

மிதித்தேன், விட்டேன்.

"எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லு சுமி. எனக்காகச் சொல்லாத."

முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது திரும்பும்வரை பார்த்தேன்.

"லேசாத்தாண்ணா இருக்கு."

"ஈரோட்டு வண்டி?"

"அத நான் மிதிக்கல."

"பாலக்காடு?"

"லேசா இருந்துச்சு."

தலையை ஆட்டினான். ஏதோ விலை கேட்டுச் சரி என்பதுபோல.

"செவ்வாய்க்கெழம டாக்டர்கிட்டப் போலாம். அம்மாவக் கூட்டிட்டுப் போக வேண்டாம். அவ ஒருக்காப் போனது போதும்."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

போன வாரம் பார்த்த மருத்துவர் இன்று ஊசிப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, நரம்பு பேசுகிறதா என்று ஒரு பெட்டியில் கேட்கிறார்கள். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலச் சத்தம் வந்தது. ஆரோக்கியமான தசை ஓய்வில் இருக்கும்போது சத்தமே வராதாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சத்தம் வந்தபோது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் பெண், என் வயதுதான் இருக்கும். அப்பாவைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அண்ணனிடம் கேட்டார்.

"கால்ல வித்தியாசம் எப்ப மொதல்ல தெரிஞ்சுது?"

"மார்ச்சுல."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் மருத்துவரையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மார்ச்சுல படி ஏறும்போது வெரல் தட்டுச்சு. ரெண்டு நாள் பார்த்தேன். மூணாவது நாள் வண்டி தேட ஆரம்பிச்சேன்."

"என்ன வண்டி?" என்றார் மருத்துவர்.

"கியர் வெச்சது."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தார். என்ன நோய் என்பதை நிதானமாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு விடைகள் எல்லாம் தெரியும். கட்டிலில் படுத்திருந்த அப்பாவை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டவன் அவன்தான்.

கிளம்பும்போது மருத்துவர் என்னிடமும் ஒன்று கேட்டார். ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட முடியுமாம். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

"காலையில குதிகால்ல நடக்கறத நிறுத்து" என்றான் அண்ணன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் நடக்கல."

"பாத்ரூம்ல சத்தம் கேக்குது. யானை நடக்கற மாதிரி. அம்மாவுக்கும் கேக்கும்."

அக்டோபர் 6, ஞாயிறு

பாய் வீட்டுக்கு வந்தார். அண்ணனே தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். கையில் பழப்பை, வழக்கமாகக் கொண்டு வருகிற பிரியாணி இல்லை. நோயாளி வீட்டுக்கு வருகிறவர்போல வந்ததைப் பார்த்து அண்ணன், "என்ன பாய், ஆப்பிளு? நானென்ன செத்தா போயிட்டேன்?" என்றான்.

பாய் பையை ஓரமாக வைத்துவிட்டு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். கிளட்ச்சுக்குக் கையிலேயே ஒரு நெம்புகோல் செய்து கியருக்குப் பக்கத்தில் பொருத்திவிடலாம். காலே வேண்டாம். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படிச் செய்துகொடுத்திருக்கிறார்.

"வேண்டாம் பாய்."

"ரெண்டு நாள் வேலைதான் தம்பி. காசு கீசுன்னு பேசினீங்கன்னா..."

"கை எத்தனை நாளுக்குன்னு சொல்லுங்க, மாட்டிக்கலாம்."

பாய் தரையைப் பார்த்தார். "வண்டி அப்படியே இருக்கட்டும் பாய்" என்றான் அண்ணன். "நல்ல வண்டி. அதப் போயி அறுக்காதீங்க."

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் சிரிச்சுப்போட்டேம்மா. ஊர் உலகத்துல இருக்கற வண்டியெல்லாம் பார்க்கறேன். ஓட்டறவரப் பார்க்கல."

"நான்தானே பாய் ஓட்டுனேன்னு சொன்னேன்."

"ஆமா. நல்லாத்தான் சொன்ன" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

தினமும் காலையில் அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுத்தருகிறான். பழைய வசவுகள் திரும்பிவிட்டன. "கியர் லீவர் அது, மாவாட்டற குழவி இல்ல." "காது எங்க இருக்கு? இன்ஜின் அழுகுது பாரு, கேக்கலையா?" வண்டியை விட்டு இறங்க மட்டும் என் தோள் வேண்டியிருக்கிறது. ஊன்றுகோல் வந்துவிட்டது. வலக்கை இன்னும் நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. சாதத்தைப் பிசைய இடக்கையால் தட்டைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை அவனுக்கு. அம்மா தட்டுக்கடியில் ஈரத்துணியை விரித்துவிட்டுப் போனாள். தட்டு நகரவில்லை. யாரும் சொல்லித்தராமல் அவளுக்கு இதெல்லாம் தெரிகிறது. எவ்வளவோ படித்திருக்கிறேன். எதிலும் இது எழுதியிருக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

கோத்தகிரிக்குப் போய் வந்தோம்.

நேற்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். "நாளைக்கு ஏறிருவமா?" தள்ளிப்போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் அவனை வண்டிக்குள் உட்கார வைக்க நானும் அம்மாவும் பட்ட பாட்டில் மூவருக்கும் மூச்சு வாங்கியது. "இத்தனை செக் பண்ணி வாங்கினோம், சீட்டு எவ்வளவு கீழ இருக்குதுன்னு பார்த்தமா?" என்றான். அம்மா அவன் மடியில் ஒரு போர்வையைப் போட்டு, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். சாமி சிலையைத் தூக்கி வைப்பதுபோல வைத்தாள்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னான்.

"இனிமே நீ ஸ்டீயரிங்கையும் காலையும் பாரு. கியரு நான் போடறேன்."

இடப்பக்கம் இருக்கிறவனுக்கு வலக்கை. கியர் எங்கள் இருவருக்கும் நடுவில். அவன் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்து, "இப்ப" என்பான். நான் கிளட்ச்சை மிதிப்பேன். அவன் கியரை மாற்றுவான். "விடு" என்பான். முதல் இரண்டு வளைவுகளில் வண்டி மாடுபோலத் துள்ளியது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தி எங்கள் குலத்தையே விசாரித்தார். அண்ணன் சிரித்தான். அடுத்த வளைவில் அவன் "இப்ப" என்று சொல்ல வாயெடுக்கும்போதே என் கால் இறங்கியது. அதற்கடுத்து அவன் சொல்லவேயில்லை. மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்து விழுந்து மறைந்தது. இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. உள்ளே இரண்டு பேர் இருந்தோம். ஓட்டியது ஒருவர். அந்த ஒருவர் எங்கள் இருவரையும்விட நன்றாக ஓட்டினார்.

எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியாது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கியது. வேகம் குறைந்தது, இரண்டுக்கு மாற்ற வேண்டும். மிதித்தேன். அவன் கை லீவரின் மேல் இருந்தது. லீவர் அசையவில்லை. பேருந்து ஹாரன் அடித்தது. கிளட்ச்சை அழுத்தியபடியே காத்திருந்தேன். வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நான் சாலையையே பார்த்தேன், அவன் கையைப் பார்க்கவில்லை.

கை லீவரைவிட்டுப் போர்வையின் மேல் போனது.

"நீயே போடு" என்றான்.

போட்டேன். வண்டி குலுங்காமல் ஏறியது.

மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். எதிரே தேயிலைச் சரிவெல்லாம் மேகம் மேய்ந்துகொண்டிருந்தது.

"பார்த்தாச்சு" என்றான். பிறகு, "நல்லாப் போட்ட."

இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது, சின்ன கியரில் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். நானே மாற்றினேன். முதல் வளைவுக்குள்ளேயே அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறான் என்று நினைத்து, அவனை எழுப்பாமல் ஒவ்வொரு கியரையும் மெல்ல, மிக மெல்ல மாற்றினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். நான் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் போர்வைக்கடியில் அவனுடைய இடது தொடை இறுகியது. விடும்போது தளர்ந்தது.

மேட்டுப்பாளையம் வரும்வரை நான் அவனிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. தேவையில்லாத இடங்களில்கூட கியர் மாற்றிக்கொண்டு வந்தேன்.